பழைய ஜெட் வாங்கித் தாமே ஓட்ட விரும்புவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறிய ரக பிசினஸ் ஜெட் ஒன்றைப் பழையதாக வாங்கி, சம்பளத்துக்கு விமானி வைத்துக்கொள்ளாமல் தாமே ஓட்ட நினைக்கும் வாசகர்களின் கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். வாங்குபவர்கள் சார்பில் இத்தகைய விமானங்களைப் பார்த்து மதிப்பிட்டுச் சொல்வது பல ஆண்டுகளாக என் தொழில். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாகச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் முன்னால் இரண்டு விளம்பரங்கள் இருக்கின்றன. ஒன்று 2008ஆம் ஆண்டு செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங். மற்றொன்று 1990களின் பிற்பகுதியில் தயாரான சைட்டேஷன்ஜெட். கேட்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவது விமானம் பெரியது, வேகமானது, மொத்தம் பறந்த நேரமும் குறைவு. அதை வாங்குவதுதானே லாபம்?

பதில்: விலை ஒன்றாக இருப்பதே உங்களை நின்று யோசிக்க வைக்க வேண்டும். சைட்டேஷன்ஜெட் 1992இல் சான்றிதழ் பெற்ற விமானம். மஸ்டாங் 2006இல் பெற்றது. பெரிய விமானம் சிறியதன் விலைக்குக் கிடைக்கிறது என்றால், மீதித் தொகையை அது பின்னால் கேட்டு வாங்கப்போகிறது என்றே பொருள். பெரும்பாலும் அந்தத் தொகை அடுத்த மூன்று ஆண்டுகளின் பராமரிப்பு அட்டவணைக்குள் இருக்கும்.

ஒரு தாளை எடுத்து, கேட்கும் விலையை அதன் தலையில் எழுதுங்கள். அதன் கீழே, அந்தக் குறிப்பிட்ட விமானத்துக்கு அடுத்த மூன்று ஆண்டுகளில் கெடு வரும் வேலைகள் அனைத்தையும் எழுதுங்கள். சில வேலைகளுக்குப் பறந்த மணிக்கணக்கில் கெடு. சிலவற்றுக்கு எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற கணக்கில் கெடு. இன்னும் சிலவற்றுக்கு விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் நாட்காட்டியின்படி கெடு. முதலில் எழுத வேண்டியவை எஞ்சின்கள். மஸ்டாங்கில் இருக்கும் பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடபிள்யூ615 எஞ்சினுக்கு 1,750 மணியில் எரிபொருள் எரியும் சூடான பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். 3,500 மணியில் முழு ஓவர்ஹால், அதாவது எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சீரமைத்து மீண்டும் கோக்கும் வேலை. 3,100 மணி ஓடிய எஞ்சினோடு ஒரு மஸ்டாங்கை வாங்கி ஆண்டுக்கு 150 மணி பறந்தால், மூன்று ஆண்டுகள் முடியுமுன்பே இரண்டு எஞ்சின்களும் ஓவர்ஹாலுக்குப் போக வேண்டியிருக்கும். பழைய ஜெட்டுகளில் இந்த ஒரு வேலையே வாங்கிய விலையின் பெரும்பங்கை விழுங்கிவிடக்கூடும். அடுத்தபடியாகப் பெரிய காலமுறைப் பரிசோதனை, இறங்கு சக்கர அமைப்பின் ஓவர்ஹால், ஆக்சிஜன் உருளையின் அழுத்தச் சோதனை, தீயணைப்புக் குப்பிகள், அவசரகால மின்கலங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். இந்த அடிக்கூட்டலை விலையோடு சேர்த்த பிறகு இரண்டு விமானங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், முதலில் லாபமாகத் தெரிந்தது எது என்பது பல சமயம் மாறிவிடுகிறது.

பறந்த நேரம் குறைவு என்பதை நிறைப்பண்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் 2,000 மணி மட்டுமே பறந்த விமானம், சராசரியாக ஆண்டுக்கு 80 மணிதான் பறந்திருக்கிறது. நடுவில் மாதக்கணக்கில் அசையாமல் நின்றிருக்கும். நிற்கும் விமானத்தில் ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்குகின்றன, எரிபொருள் தொட்டியில் தேங்கும் ஈரத்தில் நுண்ணுயிர் வளர்கிறது, பொருத்துகளின் இடுக்குகளில் அரிப்பு தொடங்குகிறது. வாரம் தவறாமல் பறந்து, ஒரே பட்டறையில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட 4,000 மணி விமானத்தையே நான் அதைவிட நம்புவேன். மணியோடு சைக்கிள் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். எஞ்சினின் சுழல் தட்டுகளுக்கு ஆயுள் சைக்கிள் கணக்கில்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அரை மணி நேரப் பயணங்களாகவே ஓடிய விமானமும் இரண்டு மணி நேரப் பயணங்களாக ஓடிய விமானமும் ஒரே மணிக்கணக்கைக் காட்டினாலும் ஒன்றல்ல.

கேள்வி: தரகர் பேச்சுக்குப் பேச்சு 'எஞ்சின் புரோகிராமில் இருக்கிறது' என்கிறார். அது என்ன? அவ்வளவு முக்கியமா?

பதில்: முக்கியம்தான். எஞ்சின் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று உரிமையாளர் ஒரு திட்டத்தில் பணம் கட்டிவருவார். பரிசோதனையோ ஓவர்ஹாலோ வரும்போது திட்டம் அந்தச் செலவை ஏற்கும். பிராட் அண்ட் விட்னி கனடாவுக்கு ஈஎஸ்பி, சைட்டேஷன்ஜெட் குடும்பத்து எஞ்சின்களைச் செய்யும் வில்லியம்ஸுக்கு டிஏபி எனத் தயாரிப்பாளர்களே நடத்தும் திட்டங்கள் உண்டு. ஜேஎஸ்எஸ்ஐ போன்ற தனி நிறுவனங்களின் திட்டங்களும் உண்டு. திடீரென்று வரும் பெருஞ்செலவை இது மாதாந்தரச் செலவாக மாற்றிவிடுகிறது. தாமே ஓட்டும் உரிமையாளருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை.

ஆனால் 'புரோகிராமில் இருக்கிறது' என்ற வாய்ச்சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை பார்த்த ஜெட்டில், விற்பவர் கடைசி எட்டு மாதங்களின் மணிக்கணக்கைத் திட்டத்துக்குத் தெரிவிக்கவே இல்லை. நிலுவையைக் கட்டும்வரை திட்டம் ஒரு திருகாணிக்குக்கூடப் பணம் தராது என்ற நிலை. திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் பதில் பெறுங்கள்: கணக்கு நடப்பில் இருக்கிறதா, நிலுவை உண்டா, உரிமை உங்கள் பெயருக்கு மாறுமா, மாறுவதற்குப் புதிய ஒப்பந்தம் வேண்டுமா, ஆண்டுக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணிக்குக் கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா, வெளிப்பொருள் உள்ளே போனதால் வரும் சேதத்தையும் அரிப்பையும் திட்டம் ஏற்குமா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெரும் சண்டை வருவது அங்கேதான்.

திட்டத்தில் இல்லாத விமானத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓவர்ஹால் முடிந்து சில நூறு மணிகளே ஓடிய எஞ்சின்கள், விலையிலும் அது தெரிகிறது என்றால், ஆண்டுக்கு நூறு மணி பறப்பவருக்கு அது நியாயமான கொள்முதலாகவே அமையலாம். பின்னால் திட்டத்தில் சேர விரும்பினால், அதுவரை ஓடிய மணிகளுக்கெல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டிவரும் என்பதை மட்டும் முன்பே அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஆண்டுப் பரிசோதனை போன மாதம்தான் முடிந்ததாம். சான்றும் காட்டுகிறார்கள். இதற்கு மேலும் நான் செலவழித்து இன்னொரு பரிசோதனை செய்யத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டும். காலமுறைப் பரிசோதனை, விமானம் பறக்கத் தகுதியுடையதா என்று அந்த நாளில் பார்க்கிறது. வாங்குமுன் பரிசோதனையோ இந்த விமானம் இந்த விலை பெறுமா, அடுத்து என்ன உடையப்போகிறது என்று பார்க்கிறது. முன்னதை விற்பவரின் பட்டறை செய்தது. பின்னதைச் செய்யும் பட்டறை உங்களுக்காக வேலை பார்க்க வேண்டும். ஆகவே அந்த விமானத்தை இதுவரை பராமரித்துவந்த பட்டறையில் அதைச் செய்யாதீர்கள். அந்த ரகத்தை நன்கு அறிந்த, அந்த விமானத்தை முன்பின் பார்த்திராத பட்டறையாக இருக்கட்டும்.

பாதி வேலை மேசையில் நடக்கிறது. முதல் நாளிலிருந்து தொடர்ந்து வரும் பதிவேடுகள் வேண்டும். நடுவில் ஒரு பதிவேடு தொலைந்திருந்தால் விமானத்தின் மதிப்பு குறைகிறது. நீங்கள் விற்கும் நாளில் உங்களுக்கும் அதே கதிதான். ஆயுள் வரையறுக்கப்பட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் அது பிறந்த இடத்திலிருந்து இன்றுவரை தாள் இருக்க வேண்டும். குறை கண்ட ரகங்களுக்கு அரசு விமானத் துறை பிறப்பிக்கும் பறப்புத் தகுதி உத்தரவுகள் ஒவ்வொன்றும் எப்போது, யாரால் நிறைவேற்றப்பட்டன என்று பாருங்கள். பிற்பாடு பொருத்திய மாற்றங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சைட்டேஷன்ஜெட் ரகங்கள் சிலவற்றில் டாமராக் நிறுவனத்தின் இயங்கு சிறகுநுனிகள் (இறக்கை முனையில் மேல்நோக்கி வளைந்த சேர்ப்புகள்) பொருத்தப்பட்டிருந்தன. 2019இல் வந்த உத்தரவுகளால் அந்த விமானங்கள் சில மாதங்கள் பறக்க முடியாமல் நின்றன. பிறகு திருத்தம் செய்து பறந்தன. உங்கள் விமானத்தில் அத்தகைய மாற்றம் இருந்தால், அந்தத் திருத்தத்தின் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும்.

மறுபாதி வேலை விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறது. எஞ்சினுக்குள் போரஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தி, எரியறையை அடுத்துள்ள நிலைத் தகடுகளின் விளிம்புகளைப் பார்க்கிறோம். அங்கே வெந்து தேய்ந்த தடமோ மயிரிழை விரிசலோ இருந்தால், அடுத்த பரிசோதனையில் செலவு எங்கே வரும் என்று இன்றே தெரிந்துவிடும். முகப்பு விசிறியின் ஒவ்வோர் அலகையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள் என்று நான் சொல்வது வழக்கம். ஒரு கூழாங்கல் போட்ட பள்ளத்தைக் கண்ணைவிட நகம் சீக்கிரம் கண்டுபிடிக்கும். காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் ஓரங்களில் பால்போல் வெளுத்த குமிழ்கள் தெரிந்தால் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று பொருள். ஜெட்டின் முன்கண்ணாடி விலையுயர்ந்த பொருள். மஸ்டாங்கில் உறைபனியை உதற இறக்கையின் முன்விளிம்பில் காற்றூதினால் உப்பும் ரப்பர் உறைகள் இருக்கின்றன. சைட்டேஷன்ஜெட்டில் இறக்கையைச் சூடான காற்று காக்கிறது, ரப்பர் உறைகள் வால்பகுதியில் மட்டும். அந்த உறைகளை ஊதவிட்டு அருகே காதை வைத்துக் கேளுங்கள். ஊசித்துளை இருந்தால் சீறல் கேட்கும்.

ஒரு ஜெட்டில் பதிவேடு முழுவதும் சுத்தமாக இருந்தது, விபத்து ஏதும் இல்லை என்று விற்பவரும் எழுதிக் கொடுத்திருந்தார். மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது வலது இறக்கைநுனியின் பெயின்ட் மட்டும் ஒரு சாயல் மாறித் தெரிந்தது. அடிப்பக்கம் படுத்துப் பார்த்தால், ஒரு வரிசை ரிவெட்டுகள் மற்றவற்றைவிடப் புதியவை. இழுவை வண்டியால் இழுக்கும்போது விமானக் கொட்டகையின் கதவில் மோதி, சரிசெய்து, பதிவேட்டில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பழுது நன்றாகவே பார்க்கப்பட்டிருந்தது. ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டவர்கள் வேறு எதையெல்லாம் எழுதாமல் விட்டிருப்பார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

சோதனைப் பறப்பில் நீங்களும் உட்காருங்கள். ஒரே விசை நிலையில் இரண்டு எஞ்சின்களின் உள்வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதைவிடக் கணிசமாகச் சூடாக ஓடினால் காரணம் கேட்க வேண்டும். முழு உயரத்துக்கு ஏறி, கேபின் அழுத்தம் நிற்கிறதா, ஆட்டோபைலட் உயரத்தை அசையாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள். 29,000 அடிக்கு மேல் 41,000 அடி வரை பறக்க, விமானங்களுக்கிடையே உயர இடைவெளி குறைந்த வான்வெளிக்கான ஆர்விஎஸ்எம் தகுதி வேண்டும். அது இல்லாத ஜெட் கீழேயே பறந்து எரிபொருளைக் கொட்டித் தீர்க்கும்.

குறைப் பட்டியல் வந்த பிறகு யார் எதற்குப் பணம் தருவது என்ற தகராறு வேண்டாம். பறப்புத் தகுதியைப் பாதிக்கும் குறைகளை விற்பவர் சரிசெய்ய வேண்டும் என்றும், முன்பணம் எந்த நிலைவரை திரும்பக் கிடைக்கும் என்றும் பரிசோதனைக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

கேள்வி: பிரசுரத்தில் ஆறு இருக்கை, ஆயிரத்துச் சொச்சம் கடல்மைல் தூரம் என்று போட்டிருக்கிறது. குடும்பத்தில் ஐந்து பேர். போதும்தானே?

பதில்: இருக்கையும் தூரமும் ஒரே பறப்பில் சேர்ந்து கிடைப்பதில்லை. மஸ்டாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலெழும்போது அதன் உச்ச எடை 8,645 பவுண்டு. விமானியோடு சேர்த்து இயக்க எடை 5,600 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 3,045. தொட்டியை நிரப்பினால் எரிபொருளே ஏறத்தாழ 2,580 பவுண்டு. ஆக, மீதமுள்ளது 465 பவுண்டு, அதாவது சுமார் 210 கிலோ. பெரியவர்கள் மூவரை ஏற்றினால் பெட்டிக்கு இடமில்லை. ஐந்து பேரும் ஏற வேண்டுமானால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். எரிபொருள் குறைந்தால் தூரம் குறையும். நீங்கள் வாங்கப்போகும் விமானத்தைக் கடைசியாக எடைபோட்ட தாளைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணில் கணக்குப் போடுங்கள். ஒரே ரகத்தில்கூட ஒவ்வொன்றும் வேறு வேறு எடையில் இருக்கும்.

எதிர்க்காற்றும் கணக்கில் வேண்டும். 340 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் 1,000 கடல்மைல் என்பது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. குளிர்காலத்தில் அந்த உயரத்தில் 100 நாட் எதிர்க்காற்று அபூர்வமன்று. அப்போது அதே பயணம் நான்கு மணி பத்து நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை இறங்கி எரிபொருள் நிரப்புவது உங்களுக்குச் சம்மதமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். கடந்த ஓராண்டில் நீங்கள் உண்மையில் போன பயணங்களை எழுதிப் பார்த்தால், பெரும்பாலானவை இரண்டு மூன்று பேரோடு ஒரு மணி, ஒன்றரை மணிப் பயணங்களாகவே இருக்கும். அதற்கேற்ற விமானத்தை வாங்கி, ஆண்டுக்கு இரண்டு முறை வரும் குடும்பப் பயணத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வதே என் பரிந்துரை.

கேள்வி: நான் வழக்கமாகப் பயன்படுத்தும் ஓடுபாதையின் நீளம் 1,100 மீட்டர். தரையிறங்க 800 மீட்டர் போதும் என்று பிரசுரம் சொல்கிறது.

பதில்: அந்த 800 மீட்டர், உலர்ந்த ஓடுபாதையில் சரியான வேகத்தில் சரியான இடத்தில் சக்கரம் பட்ட ஒரு சோதனை விமானியின் 800 மீட்டர். வேகம் 10 சதவீதம் கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது. இறங்கும் நேரத்து நிலைமைக்குக் கணக்கிட்ட தூரத்தின் மேல் குறைந்தது 15 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் பரிந்துரை. மஸ்டாங் போன்ற சிறிய ஜெட்டுகளில் எஞ்சின் விசையைத் திருப்பிவிடும் அமைப்பு கிடையாது. நிறுத்துவது பெரும்பாலும் சக்கர பிரேக்தான். உறைபனி நீக்கியை இயக்கினால் பல ரகங்களில் அணுகு வேகமும் அதனால் தரையிறங்கும் தூரமும் கூடும். 2014 டிசம்பரில் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்கில் எம்ப்ரேயர் பீனம் 100 ஒன்று விழுந்து, விமானத்தில் மூவரும் தரையில் ஒரு வீட்டில் மூவரும் இறந்தார்கள். உறைபனி படியும் நிலைமையில் இறங்கும்போது விமானி அந்த நீக்கியை இயக்கவில்லை என்று விசாரணை கண்டது. உங்கள் ஓடுபாதை நல்ல நாளுக்குப் போதும். மழையும் பனியும் உள்ள நாளுக்கு நீளமான வேறொன்றை இப்போதே தேர்ந்து வையுங்கள்.

கேள்வி: டர்போப்ராப் (டர்பைன் எஞ்சின் சுழற்றும் முன்விசிறி கொண்ட) விமானத்தில் 1,500 மணி அனுபவம் உண்டு. டைப் ரேட்டிங், அதாவது அந்த ரகத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி, வாங்கிவிட்டால் தனியாக ஓட்டத் தொடங்கலாமா?

பதில்: சட்டம் அனுமதிக்கலாம். ஆனால் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும், அனுபவமுள்ள ஒரு வழிகாட்டி விமானியோடு இத்தனை மணி பறந்த பிறகே தனியாகப் போகலாம் என்று நிபந்தனை போடும். விலை பேசுவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். விமானத்தை வாங்கிய பிறகு, தனியாக ஓட்டக் காப்பீடு இல்லை என்று தெரிந்துகொண்டவர்களை நான் அறிவேன்.

நிபந்தனை இல்லாவிட்டாலும் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். 1979 ஆகஸ்ட் 2 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர் தர்மன் மன்சன், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத தம் சைட்டேஷனில் ஓஹியோவின் ஏக்ரன் கேன்டன் விமான நிலையத்தில் தரையிறக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, வேகம் குறைந்து ஓடுபாதைக்கு முன்பே விழுந்து இறந்தார். அண்மைக் காலத்திலிருந்து இன்னொன்று: 2016 டிசம்பர் 29 இரவு கிளீவ்லாந்தில் ஒரு சைட்டேஷன் சிஜே4, ஏரியின் இருட்டுக்குள் ஏறிய சிறிது நேரத்தில் நீரில் விழுந்தது; ஆறு பேர் இறந்தார்கள். விமானத்தில் கோளாறில்லை. விமானி அதற்கு முன் மஸ்டாங் ஓட்டியவர். திசையுணர்வு குழம்பியதையும், களைப்பையும், ஆட்டோபைலட் இயங்குகிறது என்ற தவறான எண்ணத்தையும், முந்தைய விமானத்தின் கருவிப் பலகைப் பழக்கம் புதிய பலகையில் தடுமாற வைத்ததையும் விசாரணை அறிக்கை காரணங்களாகக் குறிப்பிட்டது.

இதனால்தான் காக்பிட்டை நான் விலைப்பட்டியலில் ஒரு வரியாகக் கருதுவதில்லை. நீங்கள் இன்று ஓட்டும் டர்போப்ராப்பில் கார்மின் நிறுவனத்தின் கருவிப் பலகை இருந்தால், அதே குடும்பத்துப் பலகை உள்ள ஜெட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவன்று. வேறு பலகைதான் என்றால் சிமுலேட்டரில் கூடுதல் நாட்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும், அது ஏற்கப்பட்டதா என்று திரையில் படித்து வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: தயாரித்த நிறுவனமே மூடிவிட்ட ரகங்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே?

பதில்: எக்லிப்ஸ் 500 விமானத்தைச் செய்த நிறுவனம் 2008இல் திவாலானது, அந்த ரகம் பின்னர் கைமாறிச் சென்ற நிறுவனமும் 2018இல் அதே நிலைக்கு வந்தது. பீச்கிராஃப்ட் பிரீமியரைச் செய்த ஹாக்கர் பீச்கிராஃப்ட் 2012இல் திவாலானது. பிறகு அதன் பொறுப்பு செஸ்னாவின் தாய் நிறுவனமான டெக்ஸ்ட்ரானிடம் வந்தது. இரண்டும் நன்றாகப் பறக்கும் விமானங்களே. ஒரு பாகம் உடைந்தால் எத்தனை நாளில் யாரிடமிருந்து வரும் என்று, அந்த ரகத்தை இன்று வைத்திருக்கும் இரண்டு உரிமையாளர்களிடம் கேளுங்கள். பதில் வாரக்கணக்கில் வந்தால், அத்தனை வாரம் விமானமில்லாமல் உங்கள் வேலை நடக்குமா என்று பாருங்கள்.

கேள்வி: விமானத்தின் மேல் கடன் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: அந்த விமானம் பதிவான நாட்டின் பதிவகத்தில் தேடல் அறிக்கை வாங்க வேண்டும். விமானங்களின் மேலுள்ள கடன் உரிமைகளுக்கான கேப் டவுன் உடன்படிக்கைப்படி டப்ளினிலிருந்து இயங்கும் சர்வதேசப் பதிவகத்திலும் தேட வேண்டும். அங்கே விமானத்தின் உடலும் ஒவ்வோர் எஞ்சினும் தனித்தனியாகப் பதிவாகும். அந்த உடன்படிக்கை 1,750 பவுண்டு உந்துவிசைக்குக் குறையாத ஜெட் எஞ்சின்களுக்கும், பணியாளர் உட்பட எட்டுப் பேருக்குக் குறையாமல் ஏற்றச் சான்று பெற்ற உடல்களுக்குமே பொருந்தும். சைட்டேஷன்ஜெட்டின் எஞ்சின் 1,900 பவுண்டு, ஆகவே அது உள்ளே வரும். மஸ்டாங்கின் எஞ்சின் 1,460 பவுண்டு. அதன் எஞ்சின்களை அங்கே தேடிப் பயனில்லை, நாட்டுப் பதிவகத்தையே நம்ப வேண்டும். பணத்தை விற்பவரின் கையில் நேரே கொடுக்காதீர்கள். இரண்டு தேடல் அறிக்கைகளும் வந்து, கடன் கொடுத்தவரின் விடுவிப்புக் கடிதமும் சேரும்வரை, அது எஸ்க்ரோ கணக்கிலேயே, அதாவது இருவருக்கும் பொதுவான ஒருவரின் பொறுப்பிலேயே, இருக்கட்டும்.